பங்களாவுக்கு ஒரு பேய் போதும்

நூலும் தும்மலும்

பேய் வேலையில் முதலில் நோவது முழங்கால். அலுமாரிக்குப் பின்னால் குந்தியிருந்து, மீன்பிடிக்கிற தங்கூசி நூலை நான் மெதுவாக இழுக்க, அறையின் நடுவில் துரையின் ஆடுகதிரை ஆடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த கணவனும் மனைவியும் மூச்சுவிடாமல் நின்றார்கள். எனக்குத் தும்மல் வந்தது. விருந்தினர் முன் நின்று பிழைக்கிறவர்களுக்குத் தெரியும், அடக்கிய தும்மல் இரட்டிப்பாகத்தான் வெளியே வரும். நூல் அறுந்தது. கதிரை நின்றது.

மனைவி அலுமாரியைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வெளியில வாங்கோ. கால் விறைக்கப் போகுது."

துரை செத்த விதம்

கண்டாவளைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டம். நடுவில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பங்களா. சண்டைக்குப் பிறகு கூரையில்லாமல் கிடந்ததை எங்கள் முதலாளி வாங்கி, ஓடு போட்டு, விடுதியாக்கி, துரையின் பேய் உலாவுவதாக விளம்பரமும் செய்தார். நான் அங்கே மனேஜர். எங்கள் ஊர் தண்ணீரூற்றில் அம்மா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். மனேஜரின் அலுவல்கள்: சாவி கொடுப்பது, மெத்தை தட்டுவது, பேயாவது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், படித்த பிள்ளை என்று காட்டுவதற்காக, துரை எப்படிச் செத்தார் என்று நாலு பேரிடம் விசாரித்தேன். காய்ச்சல். பெருமையோடு முதலாளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "காய்ச்சலில செத்த பேயைப் பார்க்க ஆர் ஐசே வருவினம்?" என்றார். அன்றைக்கே துரையைக் குதிரையிலிருந்து விழுத்திக் கொன்றோம். குதிரைக்குப் பெயர் வைத்தது நான். அந்த நிறம், அந்தக் குளம்புச் சத்தம் எல்லாம் என் கற்பனை.

போனை வைக்கும் முன் முதலாளி குரலைத் தாழ்த்தினார்: "இன்னொண்டு. பங்களாவுக்கு ஒரு பேய் போதும். துரையைத் தவிர வேற ஆரும் இஞ்ச செத்ததெண்டு உம்மட வாயால வரக்கூடாது. வந்தால், அண்டைக்கே நீர் வீட்ட போகலாம்."

சீனி

குசினி மாரியம்மா அக்காவின் ஆட்சி. அவருடைய குடும்பம் தேயிலை மலையிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியது. நான் பேயைப் பின்னேரம் ஆறரைக்கு வைத்திருந்ததில் அவருக்குக் கொஞ்சமும் மரியாதையில்லை. "பேய் உச்சிக்குத்தான் வரும் தம்பி. ஆறரைக்கு நுளம்புதான் வரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. தினமும் மதிய உச்சியில் பின் விறாந்தைத் தூணடியில் இரண்டு கோப்பை தேத்தண்ணி வைப்பார். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமாம். சீனி அள்ளிப் போட்டது துரைக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன். "மத்தவங்களுக்கு" என்றார். சண்டை நடந்த இந்த இடத்தில் அது கேட்டுத் தெரிய வேண்டிய விஷயமல்ல. முதலாளி வந்தால் இரண்டாவது கோப்பையைத் தூணுக்குப் பின்னால் வையுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

ஒருநாள் கனடாவிலிருந்து வந்தவர், தனக்கு வைத்தது என்று நினைத்துத் துரையின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். துரையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது மனேஜர்தான் என்று அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டார். எனக்குப் பேயில் நம்பிக்கையில்லை. கேட்காவிட்டால் மத்தியானச் சோறு கிடைக்கும் என்றும் நம்பிக்கையில்லை. வெறுங்கோப்பைக்கு முன்னால் கைகட்டி நின்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கித்தந்த என் ஆங்கிலத்தில் நீளமாக மன்னிப்புக் கேட்டேன். கனடாக்காரர் வீடியோ எடுத்தார்.

முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு அக்கா சொன்னார்: "துரைமாருக்குத் தமிழ் நல்லாத் தெரியுங்க தம்பி. எங்க தாத்தாவ ஏசுனதெல்லாம் தமிழ்லதான்."

உச்சி நேரம்

அந்தக் கணவனும் மனைவியும் சொல்லி, என் தும்மல் கொழும்பில் முதலாளிக்குக் கேட்டிருந்தது. என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று பார்க்க அவர் நேரிலேயே வந்து, பின் விறாந்தையில் காலை நீட்டி இருந்தார். அந்த நேரம் பார்த்து, முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் ஒரு பெண் தனியாக வந்து இறங்கினார். அறை வேண்டாம், விறாந்தையைப் பார்த்தால் போதும் என்றார். வந்தவர் நேரே அந்தத் தூணடிக்குப் போனார்.

"இஞ்ச பேய் வருதெண்டு மகள் போனில காட்டினவள். ஆர் வாறது?"

துரை என்றேன். குதிரையைத் தொடங்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இடம்பெயர்ந்து போகேக்க நாங்கள் இஞ்சதான் தங்கினனாங்கள். என்ர தம்பி காயத்தோட இதிலதான் கிடந்தவன். நான் தண்ணி அள்ளிக்கொண்டு வந்து பார்த்தால், ஆளைக் காணேல்லை. இண்டைக்கும் தேடித் திரியிறன். அவனும் இஞ்ச வாறவனெண்டால் சொல்லுங்கோ தம்பி. தேடுறதை விட்டிடுறன்."

முதலாளி போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். குதிரைக்கே பெயர் வைத்த வாய் எனக்கு. அந்த வாயால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி சொல்லித்தந்ததையே சொன்னேன்.

"துரை மட்டும்தான் அக்கா. வேற ஒருத்தரும் வாறேல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். நான் நெடுகலும் இஞ்சதானே நிக்கிறன்."

"அப்ப சரி" என்று அவர் தூணில் சாய்ந்து இருந்தார். பேய் வேலைக்கு வந்தபிறகு நான் சொன்னவற்றில் ஓர் ஆள் முழுதாக நம்பியது அது ஒன்றைத்தான்.

மாரியம்மா அக்கா தட்டில் இரண்டு கோப்பைகளோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வந்து, சீனி போட்ட கோப்பையைத் தூணடியில் வைத்தார். மற்றவர்களுக்கு வைக்கிறதை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் பார்க்க, முதலாளிக்கு முன்னாலேயே படியில் குந்தி, அடிமட்டும் தானே குடித்து முடித்தார்.