கழுவி வந்த கால்கள்

பெரிய வியாழன் மாலை பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். ஓசூரில் எங்கள் பங்குக் கோவிலில் அதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. வரும்போதே காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டு வர வேண்டும். இயேசு கழுவியபோது சீடர்கள் புழுதிக் காலோடு இருந்தார்கள் என்று வருடா வருடம் பிரசங்கம் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கூத்தைச் செய்கிறோம்.

இந்த வருடம் என் பெயரும் பட்டியலில் இருந்தது. போட்டவர் எங்கள் ஷிஃப்ட் மேனேஜர். வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் நான் லைன் லீடர், அவர் எனக்கு மேலே. கோவிலில் அவர் பங்குப் பேரவையிலும் இருக்கிறார். காலை மீட்டிங்கில் தவறாமல் சொல்வார்: "இது ஆண்டவர் குடுத்த பொறுப்பு. அந்த பயத்தோட லைனை நடத்தணும்." நானும் ஆமென் சொல்லாத குறையாகத் தலையாட்டுவேன்.

அன்று காலை என் லைனில் ஒரு பெண் வந்து நின்றாள். வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். வயிற்றில் ஏழு மாதம். கால் வீங்கி ஷூவின் லேஸைக் கட்ட முடியாமல் அப்படியே விட்டிருந்தாள்.

"அக்கா, ஒரு ஸ்டூல் கெடைக்குமா? கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கிட்டே கட்டறேன்."

எங்கள் லைனில் நின்றுகொண்டுதான் வேலை. மேனேஜரிடம் கேட்டேன். "இன்னிக்கு ஆடிட்டுக்கு வர்றாங்க. லைன்ல சேர் இருந்தா நல்லாருக்குமா?" என்றார். "சரி சார்," என்றேன். திரும்பி வந்து அவளிடம், "இன்னிக்கு ஒரு நாளு சமாளிச்சிக்கம்மா," என்றேன். என்ன இனிமையாகச் சொன்னேன் தெரியுமா! அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் ஷிஃப்ட் முடியும்வரை நின்றாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் குதிகாலைக் கல்லில் தேய்த்தேன்.

பூசையில் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. வயதான சாமியார் முட்டி வலியோடு தரையில் மண்டியிட்டு, அழுக்கே இல்லாத என் காலில் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். காலை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பொறுப்பை ஆண்டவர்தான் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்படி மண்டியிடத்தான் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை காலை கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நானே தூக்கிவந்து அவள் இடத்தில் போட்டேன். மேனேஜர் வந்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரையும் கேக்கல சார். பொறுப்பு ஆண்டவர் குடுத்ததுன்னு நீங்கதான சொன்னீங்க. மெமோ குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க."

அவர் முகம் கறுத்துப் போய்விட்டது. விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார்.

"ஒக்காரும்மா," என்றேன் அவளிடம்.

"வேணாங்க்கா, பரவால்ல," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ இடைவேளைவரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் இத்தனை வருடம் நடத்திய லைனின் லட்சணம் அதுதான். அதற்கப்புறம் உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.