பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிரசவமாகி இரண்டு மாதம் கழித்து உடம்பைக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "அம்மா, முடியலயே" என்று கத்தினாள். என்னையறியாமல் சிறுநீர் பிரிந்து சேலை நனைந்தது. அடுத்து நினைவு வந்தபோது சாலையோர மரத்தடியில் நின்றிருந்தேன். எப்படி அங்கே வந்தேன் என்று இன்றும் தெரியாது.

புண் ஆறிய பிறகும் ஆறாத ஒரு நோய் எனக்கு இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். ஒரு பிரசவத்தில் செத்துப் பிழைத்து, அடுத்ததை நினைத்தாலே குலைநடுங்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வரிசைவீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வலி எடுத்தது. மருத்துவச்சி எண்ணெய் தடவினாள், வயிற்றை அமுக்கினாள், ஞாயிறு மதியம் கையை விரித்துவிட்டாள். என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி, தன்மீது சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் கணவர். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கியிருந்தது. குளோரோபாம் (முகர்ந்தால் மயங்க வைக்கும் மருந்து) கொடுத்து, ஃபோர்செப்ஸ் (தலையைக் கவ்வி இழுக்கும் இரும்பு இடுக்கி) போட்டு எடுத்தார்கள். ஆண் குழந்தை. உயிர் இல்லை. நான் தெளிவதற்குள் அவனை அடக்கம் செய்துவிட்டார்கள். பிறகு பிரசவ ஜன்னி (கருப்பையில் சீழ் வைத்து வரும் காய்ச்சல்) கண்டு மூன்று வாரம் கிடந்தேன்.

மரத்தடியில் நின்ற என்னைத் தேடி வந்தவர் யாழ்ப்பாணத்து மிஸ்ஸி (நர்ஸ்). கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வெள்ளைக்கார லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு ஏதோ சொன்னார். மிஸ்ஸி அதைத் தமிழில் சொன்னார்.

"உங்கட இடுப்பெலும்பு சரியான ஒடுக்கமாம். அடுத்த பிள்ளைக்கும் இப்பிடித்தான் வருமாம். எட்டாம் மாசமே இங்க வந்திட வேணும். வயித்த வெட்டித்தான் எடுப்பினமாம்."

"வெட்டுனா நான் பொழைப்பேனா மிஸ்ஸி?"

மிஸ்ஸி அதை டாக்டரிடம் கேட்டார். டாக்டர் கையைத் துடைத்தபடியே இருந்தார். "கடவுள் இருக்கிறார் பிள்ளை" என்றார் மிஸ்ஸி. அது டாக்டரின் பதில் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அன்று மாலை, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று கணவர் கேட்டார்.

"எல்லாம் நல்லாருக்குன்னாங்க."

அந்த ஒரு பொய்யை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் அதன் மேலேதான் நின்றது.

பொதுக்குழாயடிக்குப் பிள்ளைத்தாய்ச்சி யாராவது வந்தால் குடத்தை நிரப்பாமலே திரும்பிவிடுவேன். பழுத்த பழத்தின் இனிப்பு வாசனை குளோரோபாமை நினைவூட்டி வாந்தி வரும். கிள்ளானிலிருந்து கணவரின் அக்கா ரயிலேறி வந்து, "ஒண்ணு போனா ஒண்ணு வரும். வயித்த வெறுமையா வெக்காத" என்றார். தலையாட்டினேன். ஓராண்டு ஏதேதோ சாக்கு சொல்லிக் கணவரை விட்டு விலகியிருந்தேன். பிறகு சாக்குகள் தீர்ந்துபோயின.

அடுத்த ஆண்டு ஒரு மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது.

ஒரு நாள், இரண்டு நாள். ஐந்தாம் நாளே கணவர் கண்டுபிடித்துவிட்டார். நான் வழக்கம்போல வீட்டுக்குத் தூரமாக ஒதுங்கி உட்காரவில்லையே. பாசாரிலிருந்து மாங்காய் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தார். குளிக்கும்போது பாடினார். நான் ரயில் பாதைப் பக்கத்துச் சன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். தண்டவாளத்தைப் பார்த்தால் என்ன செய்துகொள்வேனோ, எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் காலை, உதிரம் வந்தது.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். வேலைக்குக் கிளம்பிய கணவர் சத்தம் கேட்டு வந்தார்.

"என்னாச்சு புள்ள?"

"வந்துருச்சுங்க."

"அதுக்கா சிரிக்கிற?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்னது, நான் மறைத்தது எல்லாம். அவர் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேற கட்டிக்குவீங்கன்னு பயந்தேன்."

"அவன நான்தான் கையில வாங்குனேன்" என்றார். "நெத்தியில ரெண்டு பக்கமும் இடுக்கி பட்ட காயம். மூக்கு ஒன்னோடது. துணியப் போட்டு மூடிட்டேன். நானுந்தான் ஒங்கிட்ட சொல்லல."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதை எப்படி அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று முதல் பாயை முன்னறைக்கு எடுத்துப்போய்விட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபிக்கவில்லை. அக்கா இரண்டு முறை பெண் பார்த்தார். "வேணாம்க்கா" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் மரியாதையாக வாழ்ந்தோம். என்னைத் தொடாத மனிதரின் வீட்டிலும் மாதாமாதம் நாள் எண்ணினேன். ஒரு நாள் பிந்தினால் ரயில் பாதைப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிடுவேன். காரணமே இல்லாத இடத்திலும் பயம் இருந்தது. போன மாசியில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது எனக்கு உதிரம் நின்றுவிட்டது. நிற்கும்போது நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. இத்தனை ஆண்டுகளும் எனக்கு ஆண்டுகளாகக் கழியவில்லை. முந்நூறு தடவை தப்பித்தேன், அவ்வளவுதான். இனித் தப்பிக்க எதுவும் இல்லாத உடம்போடு ஒரு பகலை எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை.

சென்ற வாரம் வயிற்றுவலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளவயது மிஸ்ஸி ஒருத்தி எழுதிக்கொண்டே, "எத்தனை பிரசவம்மா?" என்று கேட்டாள். எப்போதும் "இல்லை" என்றே சொல்லி வந்தவள் நான்.

"ஒண்ணு" என்றேன்.

"பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

இருபத்தேழு நடக்கிறது என்று என் வாய் சொல்லிற்று. அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.