நான்கு வகையிலும் ஐந்து

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இஸ்திரிக்காரி எப்படிக் கொல்வாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. பெட்டி சூடேறும்வரை பொறுத்திருப்பாள். பிறகு மடிப்பு எங்கே விழவேண்டுமோ அங்கே வைத்து அழுத்துவாள். நம்முடைய இஸ்திரிக்காரி பொறுத்திருந்தது இருபது வருஷத்துக்கும் மேலே.

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு எல்லாம் உலர்ந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஆவியும் சோப்பு வாசனையுமாக ஆள் வெந்துபோகிற இடம். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், தேய்க்கிற மேசைமேல் போர்வையைச் சமன்படுத்திவிட்டு குறி பார்க்கிற டாரட் சீட்டுக் கட்டை எடுப்பாள். அறை துடைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், சில நாள் மேலே வரவேற்பில் நிற்கிற பெண்கள்கூட இறங்கி வருவார்கள். சீட்டை வந்தவரே கலைக்கவேண்டும், எல்லோர் கண்ணெதிரே விரிக்கவேண்டும் என்பது அவளுடைய சட்டம்.

பார்க்கிற விதமும் தனி. மற்றவர்கள் படத்தைப் பார்த்துக் கதை சொல்வார்கள். இவள் முதலில் எண்ணைப் பார்ப்பாள்.

"எண்ணுங்கிறது கறை மாதிரி. வகைங்கிறது துணி. கறை ஒண்ணுதான். பருத்தியில பட்டா ஒரு கதை, பட்டுல பட்டா வேற கதை. எந்தக் கறைன்னு மொதல்ல தெரியணும். அப்புறம்தான் எந்தத் துணின்னு பாக்கணும்" என்பாள்.

துணிகள் நான்கு. கோல் என்றால் வேலையும் வீம்பும். கோப்பை மனசு. வாள் புத்தியும் நாக்கும். காசு வயிற்றுப்பாடு. நான்கிலும் ஒன்று முதல் பத்துவரை உண்டு. ஒன்று தொடக்கம், இரண்டு ஜோடி, மூன்று பெருகுவது, நான்கு என்பது அசையாமல் நிற்கிற மேசை. ஐந்து வந்தால் அந்த மேசைக்கு ஒரு கால் ஆட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கோலில் ஆடினால் அடிதடி. கோப்பையில் ஆடினால் சிந்திப்போனதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற துக்கம். வாளில் ஆடினால் ஜெயித்தும் கேவலம். காசில் ஆடினால் வெளிச்சம் தெரிகிற ஜன்னலுக்கு வெளியே குளிரில் நடக்கிற வறுமை. இவ்வளவும் கடகடவென்று சொல்வாள். "நாலு வகையிலயும் அஞ்சே சேந்து வந்தா என்னக்கா?" என்று யாராவது கேட்டால் மட்டும் சீட்டை வாரி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதில் அவள் தலையிலேயே விழுந்தது.

அப்போது அப்பா அம்மா போய்ச்சேர்ந்து, அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனின் மகள் இடுப்புக் குழந்தை. குழந்தையைப் பெற்றது அண்ணி, சுமந்து திரிந்தது இவள். அண்ணன் ஸ்கூட்டரைப் பார்க்க ஒரு மெக்கானிக் வருவான். நன்றாக இருந்த பிரேக்கை மூன்று தடவை சரிசெய்தபோதுதான் அவன் பார்க்க வந்தது ஸ்கூட்டரை இல்லை என்று வீட்டுக்குப் புரிந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பேச்சு நடந்து, முடிவாகிற நேரம்.

அந்த வீட்டில் சீட்டுப் பார்க்கிறவள் அண்ணி. தெருவில் நல்ல பேர். முன்னறையில் ஒரு மேசை, அதில் வந்தவர்களை உட்காரவைப்பாள். சீட்டைப் போடுவது மட்டும் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பக்கத்தில் ஆள் இருந்தால் சீட்டு கூச்சப்படும் என்பாள். மெக்கானிக்கின் அம்மாவுக்குச் சீட்டில் அப்படியொரு நம்பிக்கை. வந்து உட்கார்ந்தாள். இவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி உள்ளே போனாள், வந்தாள், பெருமூச்சு விட்டாள்.

"என் நாத்தனார்தான், மறைக்க எனக்கு வாய் வரல. நாலு வகையிலயும் அஞ்சுதான் விழுந்திருக்கு. சண்டை, அழுகை, அவமானம், தரித்திரம். நாலும் கூடவே வரும். அப்புறம் உங்க இஷ்டம்."

டீயை யாரும் குடிக்கவில்லை. ஆறு மாசத்தில் அந்த மெக்கானிக் அண்ணியின் தங்கையைக் கட்டினான். அந்தக் கல்யாணத்துக்குச் சீட்டில் எல்லாம் பத்தாக வந்ததாம். நமக்கென்ன, வந்திருக்கும்.

கல்யாணப் பேச்சு முறிந்த வாரத்தில் முன்னறையைப் பெருக்கும்போது மேசையை நகர்த்தினாள். ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஒரு சீட்டு வெளியே வந்தது. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவன், கவிழ்ந்த கோப்பைகளைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கிறான். நடுவில் மேசைக்கால் பதிந்து வட்டமாகக் குழி. இது நான்தான் என்று நினைத்துக்கொண்டாள். அட்டைத் துண்டு ஒன்றைக் காலுக்குக் கொடுத்துவிட்டுச் சீட்டைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதற்கு ஓர் எண் உண்டு என்பதே அப்போது அவளுக்குத் தெரியாது.

வீட்டை விட்டு விடுதிக்கு வந்து, ஓட்டல் வேலையில் சேர்ந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தை வைத்துத் தானே சீட்டுப் படிக்க ஆரம்பித்தாள். தன் வாழ்க்கையை எது கவிழ்த்தது என்று தெரிந்துகொள்ளும் வெறி. ஒருநாள் கோப்பை வரிசையில் ஐந்தாவது பக்கத்தைப் புரட்டினாள். கறுப்புப் போர்வைக்காரன் நின்றான். பெட்டியிலிருந்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குழியைத் தடவினாள். ஒரு நாளில் விழுகிற குழி இல்லை அது, வருஷக்கணக்கில் மேசை உட்கார்ந்த குழி. நாலு ஐந்தும் விழுந்ததாக அண்ணி சொன்ன அன்றைக்கு, அதில் ஒரு ஐந்து மேசைக்காலுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

அன்றைக்கு அவள் அழவில்லை. போய்க் கேட்டால் என்ன ஆகும்? அண்ணி சிரிப்பாள், அண்ணன் "விடும்மா" என்பான். அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வான். மெக்கானிக்குக்கு அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. ஆகவே வாயை மூடிக்கொண்டு விரிப்பு தேய்த்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

வந்தது. அண்ணன் மகள் வளர்ந்து, அத்தையைப் பார்க்க ஓட்டலுக்கு வந்துபோகிற பழக்கத்தில், ரொட்டி அடுப்பில் வேலைசெய்கிற ஒரு பையனைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பையன். அவன் அம்மாதான் சலவைக்கூடத்து சூப்பர்வைசரம்மா. தும்மல் வந்தாலும் "ஒரு சீட்டு போட்டுப் பாரேன்" என்று நிற்கிறவள். பெண் பிடித்திருக்கிறது, ஆனாலும் பெண் வீட்டில் வைத்து இஸ்திரிக்காரி சீட்டுப் போட்டுச் சரி என்று சொன்னால்தான் முடிவு என்றாள்.

அடுத்த நாளே, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அண்ணி சலவைக்கூடத்துப் படி இறங்கி வந்தாள். கண் மங்கியிருந்தது, பேச்சில் மட்டும் மங்கல் இல்லை.

"நல்லா இருக்கியா? எளைச்சுப் போயிட்டியே."

"இருக்கேன் அண்ணி."

"நீ தூக்கி வளத்த பொண்ணு. நல்ல சீட்டா பாத்துப் போடு."

"பாத்துப் போடுறதா? சீட்டு தானா விழுறதுதானே அண்ணி?"

அண்ணி சிரித்தாள். "போடி. எனக்கே சொல்றியா? வெக்கிறபடி வெச்சா விழுறபடி விழும். இதுகூடத் தெரியாமலா இத்தனை நாளா பாக்குற?"

பெட்டி சூடேறியிருந்தது. அடியிலிருந்த தலையணை உறை தீய்ந்து புகைந்த பிறகுதான் இஸ்திரிக்காரி கையை எடுத்தாள். அத்தனை வருஷ வேலையில் அவள் தீய்த்த முதல் துணி.

ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் வீட்டு முன்னறை. அதே மேசை. காலுக்கு அடியில் அவள் வைத்த அட்டைத் துண்டுகூட அப்படியே இருந்தது. சூப்பர்வைசரம்மா, அண்ணன், அண்ணி, நகத்தைக் கடித்துக்கொண்டு மகள். சூப்பர்வைசரம்மா சீட்டைக் கலைத்துக் கொடுத்தாள். விரிப்பை ஒரே வீச்சில் புரட்டிப் பழகின கை, மடியில் வைத்திருந்த நாலு சீட்டைக் கட்டின்மேல் ஏற்றியதை யாரும் பார்க்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே மீறினாள்.

கோல் ஐந்து. வாள் ஐந்து. காசு ஐந்து. ஒவ்வொன்றாக வைத்தாள். தினமும் சீட்டுப் பார்க்கிற சூப்பர்வைசரம்மாவின் முகம் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சுற்று இறுகியது. நாலாவது சீட்டு மற்றவற்றைவிடப் பெரிதாக, மஞ்சளேறி, நடுவில் குழியோடு இருந்தது.

"இதென்ன, ஒண்ணு மட்டும் பழசா இருக்கு?"

"அண்ணி வீட்டுச் சீட்டும்மா. அர்த்தத்தை அவங்களே சொல்லட்டும். எனக்கு மூத்தவங்க. சொல்லுங்க அண்ணி. நாலு வகையிலயும் அஞ்சு வந்தா என்ன? அன்னைக்கு என் கல்யாணத்துக்குச் சொன்னீங்களே, அதையே சொல்லுங்க."

அண்ணி சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். விரல் குழியில் போய் நின்றது. முகம் வெளுத்தது.

இதுதான் இஸ்திரிக்காரி வருஷக்கணக்காக மடித்து வைத்திருந்த மடிப்பு. அண்ணி பேசாமல் இருந்தால் மகள் கல்யாணம் போச்சு. 'இது வைத்த சீட்டு' என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டும். மகளைக் காப்பாற்ற ஒரே வழி தன் வாயால் தன்னைக் கொளுத்திக்கொள்வது.

சூப்பர்வைசரம்மா எழுந்துவிட்டாள். "நாலு அஞ்சுன்னா எனக்கே தெரியும். மன்னிச்சுக்கங்க, நான் கெளம்புறேன்."

"உக்காருங்க" என்றாள் அண்ணி. "இது தானா விழுந்ததில்ல. இவ வெச்சது. இந்தச் சீட்டு என் கட்டுல இல்லவே இல்ல. இந்த மேசைக் காலுக்குக் கீழ கெடந்துச்சு."

"எப்போலேர்ந்து அண்ணி?"

"இவ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து." மகளைக் காட்டினாள். "மொதப் பிள்ளை வயித்துலயே போச்சே, அன்னைக்குக் காலையில இதுதான் வந்துச்சு. அதுக்கப்புறம் கட்டுல வெச்சுக்கல. காலுக்குப் போட்டு மிதிச்சேன்."

அது இஸ்திரிக்காரிக்குத் தெரியாத விஷயம். ஒரு நொடி சீட்டை வாரி எடுத்துக்கொள்ளப் போனாள். ஒரு நொடிதான்.

"அப்போ எனக்கு நாலு அஞ்சு எப்படி விழுந்துச்சு?"

அண்ணன் வழக்கம்போல "விடும்மா" என்று ஆரம்பித்தான். "நீ சும்மா இருண்ணா" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவை.

"விழல" என்றாள் அண்ணி. "நான் சீட்டே போடல. கதவைச் சாத்திட்டு சும்மா நின்னேன். என் தங்கச்சிக்கு வயசு ஏறிட்டே இருந்துச்சு. அந்தப் பையன் நல்லவனா தெரிஞ்சான். பொய்தான் சொன்னேன்."

அண்ணன் மனைவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். இஸ்திரிக்காரிக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை குளிர்ந்தது. பொய் சொல்வானேன், இனித்தது. அண்ணி அழுதாள். அழட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாலு சீட்டையும் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரம்மா பக்கம் திரும்பினாள்.

"இது அண்ணிக்குப் போட்டதும்மா. உங்களுக்கு இன்னும் போடல. நீங்க கலைச்ச கட்டு அப்படியே இருக்கு."

சூப்பர்வைசரம்மா கட்டைத் தொடவில்லை. மகளின் தோளைத் தொட்டாள். "சீட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்குப் பொண்ணைத் தெரியும். கல்யாணம் நடக்கும்." அவளுக்குச் சீட்டுப் பைத்தியம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு தெளிந்தது.

வாசலில் செருப்பைப் போடும்போது மகள் வந்து நின்றாள். கட்டிக்கொள்வாள் என்று அத்தை நினைத்தாள்.

"அம்மா பண்ணது பாவம்தான் அத்தை. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேன். அவங்க எழுந்திரிச்சப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. என் கல்யாணத்தை வெச்சுத்தான் உங்களுக்கு இதைப் பண்ணணுமா?"

"உன் கல்யாணம் நிக்காதுன்னு எனக்குத் தெரியும்டி."

"எப்படித் தெரியும்? அம்மா வாயைத் தொறக்காம இருந்திருந்தா?"

அந்தக் கேள்வியை அத்தை தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கல்யாணத்துக்கு வராதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள்.

கல்யாணம் அந்த ஓட்டலின் மேல்மாடிக் கூடத்தில்தான். விரிப்புகள் முதல்நாளே கீழே வந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்த பெண் சாப்பாட்டு வேளையில் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாள் அஞ்சுல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு எல்லா வாளையும் பொறுக்குறான், மத்தவங்க முதுகைக் காட்டிட்டுப் போறாங்க. இவன் ஜெயிச்சவனா தோத்தவனாக்கா?"

"ஜெயிச்சவன். கூட யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள்.

திரும்ப அந்த மேசையில் உட்காரவைத்தாலும் அதே நாலு சீட்டைத்தான் போடுவேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அத்தனை விரிப்பையும் தேய்த்து அடுக்கினாள். மணப்பெண் மேசைக்கு உரியதை மட்டும் அடுக்கிலிருந்து உருவி, சுருக்கமே இல்லாத அதை இன்னொரு தடவை தேய்த்தாள்.