பெயருக்கு விட்ட இடம்

போன வாரம் பரனூர் அருகே எங்கள் கம்பெனி பஸ் ஒரு சவ ஊர்வலத்துக்குப் பின்னால் ஊர்ந்தது. நசுங்கிய சாமந்தி வாசனையோடு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரலும் ஜன்னல் வழியாக ஏறியது. பிரித்த இட்லிப் பொட்டலத்தை அப்படியே மடித்துவிட்டேன். கஸ்தூரி அக்காவின் குரல். அவர் இறந்து வருஷம் பதினொன்று ஆகிறது.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. திருக்கழுக்குன்றம் பக்கம் நடவு வயலில் பாடத் தொடங்கி, கட்சி மேடை, திருவிழா என்று சுற்றி, கடைசியில் சாவு வீட்டுப் பாடகியாக நிலைத்தவர். ஒருமுறை மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் ஒப்பாரி பாட வைத்தார்கள். இறங்கி வந்து, "நான் அழுவுறேன், அவனுங்க கை தட்டிகினு கீறானுங்கடா" என்றார்.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தேன். கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், எல்லாம் தெரிந்தவன் போல நான். எல்லாச் சாவுக்கும் அக்கா போக முடியாது. அதனால் பாட்டை ஒருமுறை பதிந்து, நடுவில் பெயருக்கு இடம் விட்டிருந்தோம். யாராவது இறந்தால் அக்கா வந்து அந்தப் பெயரை மட்டும் பாடுவார். நான் ஒட்டிக் கொடுப்பேன். பெயர் சேர்க்காத பாட்டும் ஒலிபெருக்கிக்காரர்கள் கையில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த பெயர், கஸ்தூரி.

"இது வேணாம்டா. வேற யாரையாவது பாடச் சொல்லு."

"ரெண்டு செகண்டு வேலைதான்க்கா. ஊர்ல நீ ஒருத்திதான் கஸ்தூரியா?"

"என் சாவுக்கு என்னையே பாட வெக்கிற, இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் மைக்கைத் திறந்துவிட்டேன். "எழுந்திரி கஸ்தூரி" என்று பாடினார். பாடிய பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றே மாதம். மூளைக் காய்ச்சல். காய்ச்சல் பெயர் கேட்டு வருவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

சாவு வீட்டில் அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா தன் பேரையே பாடுனது ஒண்ணு உங்கிட்ட கீதுன்றாங்களே. அதப் போடுண்ணா."

"அழிஞ்சு போச்சும்மா" என்றேன். அழியவில்லை. அந்தக் குரல் தன்னையே எழுப்புவதை அந்தத் தெருவில் நின்று கேட்க எனக்குத் தெம்பில்லை. மத்தியானமே அறைக்குப் போய், ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் அழித்தேன்.

மகள் இப்போது பொத்தேரியில் மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறாள். போன மாதம் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அழிஞ்சதையெல்லாம் இப்போ திருப்பி எடுக்கலாமாமே. பசங்க சொல்றானுங்க. அந்தக் கம்ப்யூட்டர் எங்கண்ணா?"

"அத அப்பவே எடைக்குப் போட்டாச்சும்மா" என்றேன். இந்த முறை சொன்னது உண்மை.