நெல்லி மரத்துக்கு டியூஷன்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்திருந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, தன் மகனுக்கு என் மகளைக் கேட்டான். "முறை இருக்கையில வெளிய எதுக்குப் போவணும்?" என்றான். நான் காபி போட உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவன் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வெளியே எதுக்குப் போவணும் என்ற அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடத்துக் கதை இது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் வயலாக இருந்த ஊர் எங்களுடையது. கொல்லையில் அப்பா வைத்த ஒட்டு நெல்லி ஒன்று நின்றது. மாசி பங்குனியில் கிளை தெரியாமல் பூக்கும். தேனீ மொய்க்கும். அத்தோடு சரி. ஒரு காய் பிடிக்காது.

அடுத்த தெருவில் அத்தை வீடு. அப்பாவின் தங்கை. அவளைச் சொந்தத் தாய்மாமனுக்கே கொடுத்திருந்தார்கள். முறைப்படி அவர் எனக்குத் தாத்தா. அத்தையைக் கட்டியதால் மாமா. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். மரம் காய்க்காததற்கு மாமாதான் முதலில் வைத்தியம் கண்டுபிடித்தார். ஒற்றை மரமாக நிற்கிறது, துணை வேண்டும் என்றார். வேறு கன்று வாங்கலாமா என்று அப்பா கேட்டதற்கு அவர் சொன்னது, அப்போது ஐந்து வயதுதான் என்றாலும், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வெளிய எதுக்குப் போவணும் மாப்ள? எவன் மரமோ, எப்படிக் காய்க்குமோ. நம்ம மரத்துலேர்ந்தே ஒரு குச்சிய எடுத்து ஒட்டு கட்டிப்புடலாம்." அப்படியே கட்டினார். நாலு வருடத்தில் அதுவும் வளர்ந்து, அக்காவும் தங்கையுமாக இரண்டும் பூத்தன. இரண்டும் காய்க்கவில்லை.

கடைசியில் அந்த வருடம் மாசியில் கோடாலி வந்தது. காய்க்காத மரத்தைப் பயமுறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் வெட்டுவதுபோல் ஓங்க வேண்டும். வீட்டுப் பெண் ஒருத்தி குறுக்கே வந்து, வெட்ட வேண்டாம், அடுத்த வருடம் காய்க்கும் என்று மரத்துக்காக ஜாமீன் நிற்க வேண்டும். மரம் பயந்துபோய்க் காய்த்துவிடுமாம். அப்பா கோடாலியை எடுத்தார். அம்மா அடுப்படியில் வேலையாக இருந்ததால், கெஞ்சுவதற்கு அத்தையைக் கூப்பிட்டார்கள்.

"என்ன மரம் இது, தெண்டத்துக்கு நிக்குது! வெட்டி அடுப்புல வச்சாலாவது சோறு வேகும்" என்று அப்பா கூத்துக்காரர்போல் கத்தினார். நாங்கள் சிரித்தோம்.

"வெட்டாதீங்கண்ணே. அடுத்த வருஷம் காய்ச்சுரும்" என்றாள் அத்தை.

அங்கே முடிந்திருக்க வேண்டும். அவள் மரத்தில் கை வைத்தபடி அப்பாவையே பார்த்தாள். "அடுத்த வருஷமும் காய்க்கலன்னா வெட்டிருவீங்களாண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. மாமா மேல்துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அப்பா கோடாலியைச் சுவரில் சாய்த்தார். அத்தைக்கு யாருமே பதில் சொல்லவில்லை. அதனால் மரத்தை நிஜமாகவே வெட்டப்போகிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். விடக்கூடாது என்றும் முடிவு செய்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைகளை நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காரவைப்பார்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஒரு நாட்டு நெல்லி, யார் வைத்ததோ, தானாக முளைத்ததோ, வருடந்தோறும் கொட்டிக் காய்க்கும். அதன் பூத்த குச்சிகளை ஒடித்துவந்து எங்கள் மரத்தின் பக்கத்தில் உட்காரவைத்தால் என்ன?

குச்சி வாடாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் பாட்டில் வேண்டும். அத்தையிடம் கேட்டேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து காலி டானிக் பாட்டில்களாக எடுத்து அடுக்கினாள். பதினேழு இருந்தன. ஒரு ஆளுக்கு இத்தனை டானிக்கா என்று எனக்கு வியப்பாக இருந்ததே தவிர, எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

"எதுக்குடி இது?"

"மரத்துக்குப் பாடம் சொல்லிக்குடுக்க."

அத்தை சிரிக்கவில்லை. வாழைநாரைக் கிழித்துக் கொடுத்தாள். என்னைத் தூக்கிப் பிடித்தாள். நான் கிளையோடு பாட்டிலைச் சேர்த்துக் கட்டினேன். பன்னிரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்டதும் புதுக் குச்சி, புதுத் தண்ணீர். காய்ச்சல் வந்த ஒருநாள்கூட விடவில்லை.

அண்ணன் தெருப் பையன்களைக் கூட்டிவந்து காட்டினான். "பாருங்கடா, மக்கு மரத்துக்கு டியூஷன். ஃபீஸ் எவ்வளவு டீச்சர்?" அவன்மேல் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்பிக் கட்டினேன்.

பூ உதிர்ந்தது. கோடை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. நெல்லிப் பிஞ்சு மழை வரும்வரை கண்ணுக்குத் தெரியாமல் உறங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்றுவிட்டு, ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் அத்தை கொல்லையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கிளையில் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் காய்.

கோடாலிக்குப் பயந்துவிட்டது என்றார் அப்பா. துணை வேலை செய்துவிட்டது என்றார் மாமா. அத்தை மட்டும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "பாட்டில் கட்டுன கிளையிலதாண்ணே காச்சிருக்கு. மத்ததுல ஒண்ணும் இல்ல" என்றாள். அவர்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

என் மகள் விவசாயக் கல்லூரியில் படிக்கிறாள். திங்கட்கிழமை இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். அவளுக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. பூவின் தலையில் விழுகிற மகரந்தத்தூள் சூலை அடைய ஒரு குழாய் விட்டுக் கீழே இறங்க வேண்டுமாம். எந்த மரத்துத் தூள் என்பதற்கு மரபணுவிலேயே அடையாளம் உண்டாம். "தன்னோடதுன்னு தெரிஞ்சா அந்தக் குழாய மரமே பாதியில நிறுத்திடும்மா. ஒட்டுக் கட்டுனது ரெண்டாவது மரமே இல்ல. ஒரே மரம் ரெண்டு எடத்துல நின்னுருக்கு. நீ கொண்டுவந்ததுதான் வெளி மரம்."

பிறகு அண்ணன் மகனைப் பற்றிக் கேட்டேன். "நல்லவன்தாம்மா. கூடப் பொறந்தவன் மாதிரி வளந்தோம். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

நானே சொல்வதாகச் சொன்னேன். மனிதருக்கு அப்படியொரு காவலை இயற்கை உடம்பில் வைக்கவில்லை. வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் அன்றே அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். வேண்டாம் என்றேன்.

"சொந்தத்தையே வெட்டிவிடப் பாக்குறியா?"

"வெட்டலண்ணே. பொண்ணு மட்டும் குடுக்கல. அத்தைய நெனச்சுப் பாரு."

"நீ மக்கு மரத்துக்கே டியூஷன் வச்சவ" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை. வைத்துவிட்டான்.

அவனுக்கும் தெரியும். அத்தைக்கு மூன்று பிறந்து மூன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை. கோடாலி ஓங்கிய அந்த மாசியில்தான் மாமாவுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு எங்கள் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பாவும் தலையாட்டியிருந்தார். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது.

அந்த ஆவணியில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதல் காயை அத்தைக்குக் கொடுத்தேன். மென்றபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பிஞ்சு, அவ்வளவு துவர்ப்பு போலிருக்கிறது என்று ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அத்தை வாங்கவில்லை. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்டி" என்றாள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது பாவம், அத்தைக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, சொம்பைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன்.