பெட்டிக்கு ஒரு கால்

எங்கள் கம்பெனி ரிசப்ஷனில் உட்காரும் பிலிப்பைன்ஸ் அம்மா என் காலடியை எடுத்து எனக்குச் செய்வினை வைக்கப் போகிறார் என்று நான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது, முழு மனசோடு நம்பினேன். ஊரில் எவனாவது காலடி மண், தலைமுடி என்று பேச்செடுத்தால் கிண்டல் பண்ணியே பேர் வாங்கியவன் நான். அப்பேர்ப்பட்டவன் ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், துபாய் ஜெபல் அலியில் ஒரு குடோனில், ஏசிக்குக் கீழே நின்றுகொண்டு வேர்த்தேன்.

அந்த அம்மா டியூட்டி நேரத்தில்தான் ரிசப்ஷனிஸ்ட். மற்ற நேரத்தில் சிற்பி. குடோனில் கழித்துப்போடும் அட்டைகளை எடுத்துக்கொள்ள மேனேஜரிடம் கேட்டு வாங்கி, லாரி நிற்கும் இடத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ரூமில் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் ஏதோ டப்பா செய்கிறார் என்று நினைத்திருந்தோம். எல்லா ஆம்பிளைகளையும் 'குயா' என்று கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் அண்ணன். எனக்கு அவர் தங்கச்சியா அக்காவா என்று கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஒரு நாள் டீ நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். ஆழமான ஒரு தொட்டியில் ஈரமணல் நிரப்பியிருந்தது. சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு, கணுக்கால் புதைய அதில் ஒரு மிதி மிதிக்கச் சொன்னார். ஏன் நான் என்றேன். குடோனிலேயே உங்கள் கால்தான் அகலம் என்றார். பாராட்டு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மயங்கிவிடுகிற ஆள் நான். மிதித்தேன். அந்தப் பள்ளத்தில், ஃபால்ஸ் சீலிங்குக்குக் கரைக்கிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றினார். இறுகியதும் தூக்கினால், மணல் ஒட்டிய என் பாதம். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையை அஜ்மான் திரும்பும் பஸ்ஸில் என் ரூம்மேட்டிடம் காட்டியதுதான் தப்பு. அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கமுதிப் பக்கம். காதிலிருந்து இயர்ஃபோனை எடுத்தான்.

"எந்தக் காலு?"

"வலது."

"மண்ணத் திரும்பக் கொட்டிருச்சா, வச்சிருக்கா?"

"காலோட ஒட்டிக்கிட்டுல்ல வந்துச்சு."

"போச்சு மாப்ள," என்று சொல்லிவிட்டு இயர்ஃபோனைத் திரும்ப மாட்டிக்கொண்டான். ஷார்ஜா டிராஃபிக்கில் ஒரு மனுஷன் தனியாக யோசிப்பதற்கு ஏராளமான நேரம் கிடைக்கும்.

மறுநாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. லீவு கேட்டால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். சாம்பார் அடிப்பிடித்தது. சாம்பார் அடிப்பிடிப்பது எனக்கு வாடிக்கைதான், ஆனால் அன்றைக்கு அதையும் கணக்கில் சேர்த்தேன். இதெல்லாம் போதாதென்று அந்த ரூம் கதவு திறந்திருந்த சமயம் எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் என் கால். கணுக்காலைச் சுற்றி வெளுத்த நீளமான முடி மாதிரி ஏதோ இறுக்கிச் சுற்றியிருந்தது. நேரே பாத்ரூமுக்குப் போய்ப் பேண்ட்டைத் தூக்கி என் நிஜக் கணுக்காலைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. இருந்தாலும் இறுக்குகிற மாதிரி ஒரு இது.

கால் எனக்குத் திரும்ப வேண்டும் என்று போய்க் கேட்டேவிட்டேன். எங்கள் வழக்கத்தில் காலை வெளியே விடக்கூடாது என்று அந்த நிமிஷத்தில் ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை. சுற்றியிருந்ததைப் பிரித்தார். சனிக்கிழமை லாரி வருகிறது, இது தன்னுடைய முதல் கண்காட்சி, இன்னொரு கால் ஊற்றிக் காயவைக்க நேரமில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். "ஆனா உங்க கால் குயா. நான் எப்படித் தரமாட்டேன்னு சொல்றது?" பபுள் ஷீட்டில் சுற்றிக் கையில் கொடுத்தார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிசாக இருந்தது.

சொந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற மனுஷன் எங்கே பார்ப்பது? அஜ்மான் கடலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு என்று ரூம்மேட் வழி சொன்னான். சரி என்று அதைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். டிரைவர் ஒரு பிரேக் போட்டார். மேலே தட்டில் இருந்த என் டிபன் கேரியர் நேராக அதன்மேல் விழுந்தது. பிரித்துப் பார்த்தால் பெருவிரல் தனியாக வந்துவிட்டது.

நான் குனிந்து என் ஷூவைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதா?" என்றான் அவன்.

"இல்லையே."

"கொஞ்ச நேரம் பாப்போம்."

பார்த்தோம். நான் ஷூவுக்குள் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவன் குனிந்து ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தான். பின் சீட்டு மலையாளி என்ன காணவில்லை என்று கேட்டார். அஜ்மான் வந்தது. விரல் சுகமாக இருந்தது. கலாஸ், அத்தோடு முடிந்தது. பயம் போன இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. செய்வினை இல்லையென்றால் அந்த அம்மா என்னதான் செய்கிறார்?

காலையில் காலையும் விரலையும் எடுத்துக்கொண்டு போனேன். ரூமுக்குள் அன்றுதான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு பெரிய பெட்டி. பிலிப்பைன்ஸ்காரர்கள் மாதக்கணக்கில் சோப்பு, சாக்லேட், டின் கறி என்று நிரப்பிக் கப்பலில் வீட்டுக்கு அனுப்புவார்களே, அந்த அளவு. அந்த மாதிரிப் பெட்டிகளை நான் எத்தனையோ ஏற்றியிருக்கிறேன். இது கழித்த அட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. டேப் கிடையாது, அந்த 'முடி'யால்தான் கட்டியிருந்தது. அது முடியே இல்லை, நார். அவர் ஊரில் வாழைக்குச் சொந்தக்கார மரம் ஒன்றிலிருந்து உரிக்கிறார்களாம். கையில் வாங்கிப் பார்த்தேன். நம் பூக்கடை வாழைநாருக்கு முரட்டு அண்ணன். பெட்டிக்கு மூன்று மூலையில் மூன்று பாதங்கள் முட்டுக் கொடுத்திருந்தன: அவருடையது, கிளீனிங் வேலை செய்யும் அவர் ஊர்க்காரப் பெண்ணுடையது, நேபாளி வாட்ச்மேனுடையது. நாலாவது மூலையில் ஒரு பெயிண்ட் டப்பா.

அது என் இடம்.

பெட்டிக்குள் சாமான் எதுவும் இல்லை. உள்பக்கம் முழுக்கக் காகிதத்தில் வரைந்த கால்கள். செருப்பு அளவுக்காக அவர் வீட்டில் ஒவ்வொருவரும் பேப்பரில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பியவை. தம்பி பிள்ளைகள், அம்மா, ஒரே பிள்ளையின் கால் வருஷத்துக்கு வருஷம் பெரிசாகி. நான் போனைத் திறந்து, என் மனைவி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். தினசரிப் பேப்பர்மேல் என் மகளின் கால், சுற்றிலும் பேனாக் கோடு. அவர் அதை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார்.

"செருப்பு அனுப்பி அனுப்பித்தான் அந்த வீட்ல நானும் ஒரு ஆளுன்னு ஆச்சு குயா," என்றார். "ஆனா பெட்டிய நான் மட்டுமா தூக்கினேன்?"

அதற்குமேல் பொய் வழக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தங்கள் ஊரிலும் அது உண்டு, அதற்குப் பெயர் 'குலம்' என்றார். என் குலமே ஒரு தடவை நடுங்கிவிட்டு அடங்கியது. அப்படிச் செய்கிறவர்கள் முடியும் துணியும் கேட்பார்கள், மணலை என்ன செய்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கென்ன தெரியும். கமுதிக்காரனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விரலை ஒட்டிப் பார்த்தார். கோந்துத் தழும்பு அசிங்கமாகத் தெரிந்தது. பிடுங்கிவிட்டு, காலை அப்படியே டப்பா இருந்த மூலையில் வைத்தார். பெட்டி என் பக்கம் சாய்ந்தது. அவர் முகம் வாடிவிட்டது. எங்கள் ஊர் ஹோட்டலில் ஆடுகிற மேஜைக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். ஒரு துண்டு அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகினேன். அவர் சுற்றிவந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், பெட்டியைக் கையால் அழுத்தினார். எடுக்காதீங்க, இருக்கட்டும் என்றார்.

துபாயில் ஒரு பழைய குடோனுக்கு வெள்ளையடித்து கேலரி என்று வைத்திருந்தார்கள். நானும் ரூம்மேட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் போனோம். அந்த அம்மா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். கண்ணாடி போட்ட ஒருவர் என் காலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். காணாமல் போன விரல், புலம்பெயர்ந்தவன் ஊரில் விட்டுவந்த பகுதி என்று கூட வந்தவரிடம் இங்கிலீஷில் விளக்கினார். மடித்த அட்டைக்கும் ஏதோ ஒரு அர்த்தம் வைத்திருந்தார், அது எனக்குப் புரியவில்லை.

"டிபன் கேரியரச் சொல்லிரவா மாப்ள?" என்று இவன் என் காதைக் கடித்தான்.

அவன் காலை மிதித்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

பெட்டி சாயவில்லை. கண்காட்சி முடிந்து லாரி வந்து எடுக்கும்வரை அந்த நாலு காலில்தான் நின்றது.