மஞ்சள் ஒட்டாத கை

மன்னிப்புக் கேட்டால் வேலை நிலைக்கும் என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் கேட்கவில்லை. தலை நரைத்துவிட்ட இந்த வயதிலும் கேட்பதாக இல்லை.

பதுளையில் படித்துவிட்டு, தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் என்றால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறைதான். அந்த வருடம் தோட்டமெங்கும் வயிற்றுப்போக்கு, கைக்குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்குக் கிருமியைப் பற்றிச் சொல்லி, சாப்பிடுமுன் கை கழுவப் பழக்குவது என்று முடிவு செய்தேன். பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானா கடையில் சிவப்புச் சவர்க்காரம் வாங்கினேன். பள்ளி வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், மொண்டு ஊற்ற ஒரு சிரட்டையும் வைத்தேன்.

"கிருமி கண்ணுக்குத் தெரியாது. கையில ஒட்டிக்கிட்டு இருக்கும். ரொட்டியோட உள்ள போயி வயித்தக் கெடுக்கும்" என்றேன். எல்லோரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். மறுநாள் பார்த்தால், வாசற்படி ஓரம் தனியாகச் சாக்கில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியை விட்டு இன்னும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவள் வடிகான் கூட்டுகிற குடும்பத்துப் பிள்ளை. வாளியை அவள் தொடக்கூடாது. மற்றவர்கள் ஊற்றினால்தான் அவளுக்குத் தண்ணீர், யாரும் ஊற்றுவதில்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைத் தின்பாள்.

"டீச்சரம்மா, கிருமி அவகிட்டதான் இருக்கு. எங்கம்மா அப்பவே சொல்லிட்டாங்க" என்று விளக்கம் தந்தான் பெரிய கங்காணியின் மகன். நான் சுமந்துவந்த புதுப் பாடத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளைகள் மேல் அல்ல, அந்த ஆணியை அடித்தவர்கள் மேல்.

அடுத்த நாள் ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் கொண்டுபோனேன். "இதக் கிருமின்னு வச்சுக்குவோம்" என்று சொல்லி, கங்காணி மகனின் இரண்டு உள்ளங்கையிலும் தாராளமாகப் பூசினேன். தன்னைத் தேர்ந்தெடுத்ததில் அவனுக்கு ஒரே பெருமை. "இப்ப எல்லாரும் போயி வெளையாடுங்க" என்றேன்.

மணியடித்துத் திரும்பி வந்தபோது சிலேட்டெல்லாம் மஞ்சள், கதவெல்லாம் மஞ்சள். ஒருத்தியின் உதட்டில் மஞ்சள். கைகளை நீட்டச் சொன்னேன். ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வாசற்படிக்கு வந்தேன். அந்தச் சிறுமியின் கையில் மட்டும் மஞ்சள் இல்லை. அவளை யாராவது தொட்டிருந்தால்தானே? அவளும் கூட விளையாடத்தான் போயிருந்தாள். தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அழுக்குக் கையோட சிரட்டையத் தொட்டா சிரட்டையும் அழுக்காகும். இங்க சுத்தமான கை யாருதுன்னு நீங்களே பாத்துக்கங்க" என்றேன்.

சிரட்டையை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. அவள் விரல்களைப் பிரித்துச் சிரட்டையைக் கையில் திணித்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பசி நேரம் வேறு. கங்காணி மகன்தான் முதலில் கையை நீட்டினான். அவள் ஊற்றியதில் பாதித் தண்ணீர் கீழே போயிற்று.

சாயந்தரமே பெரிய கங்காணி வந்தார். கடல் தாண்டி ஊரிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களைக் கூட்டி வந்தவர். லயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எம் மகனுக்கு அந்தப் புள்ள தண்ணி ஊத்துச்சாமே?"

"ஆமாங்க, ஊத்துச்சு."

"டீச்சரம்மா, நாளைக்கு எல்லாப் புள்ளைங்க முன்னாலயும் தப்புன்னு சொல்லிருங்க. இல்லாட்டி அந்தப் புள்ளையும் பள்ளிக்கூடத்துல இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க."

இரவெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், நான் சொல்லப்போவதைக் கேட்க அவரே வந்து வாசலில் நின்றார். சிறுமி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். காலையில் சவர்க்காரம் போட்டு நானே கழுவிவிட்ட கைகள் அவை. என் கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். நேராக அவளிடம் போய், அவருக்கு நன்றாகத் தெரியும்படி இரண்டு கையையும் நீட்டினேன்.

"ஊத்தும்மா."

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரட்டையை எடுத்து, அன்று ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினாள். நான் நிதானமாகக் கழுவினேன். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"டேய், வீட்டுக்கு வாடா" என்றார் கங்காணி.

மண்ணில் கோலிக்குண்டு ஆடிய கைகளை அவளிடம் நீட்டியபடியே அவர் மகன் சொன்னான்: "கை அழுக்கா இருக்குப்பா. கழுவிட்டு வர்றேன்."